யாரைக் கேட்டுச் செய்தார்கள்?

பரங்கிப்பேட்டை

அன்புத் தம்பிக்கு,

உம்மாவுக்கு முட்டிவலி இன்னும் விட்டபாடில்லை.

"சட்டம் போட்டெல்லாம் ஏஐயை நிறுத்த முடியாது காக்கா" என்று போனில் சொன்னாய். நிறுத்தச் சொல்லவில்லை நான். யாரைக் கேட்டுச் செய்கிறார்கள் என்பதுதான் என் கேள்வி.

'அம்பிகாபதி'யையே எடுத்துக்கொள். 2013ல் வந்த படம். கடைசியில் நாயகன் இறந்துபோவான். 2025 ஆகஸ்டில் ஏஐயை வைத்து முடிவை மாற்றி, அவன் பிழைத்து எழுவதாகத் தியேட்டருக்கு விட்டார்கள். இயக்குநர் ஆனந்த் எல். ராய் கொதித்தார். படத்தின் ஆன்மாவே போய்விட்டது என்று நாயகனாக நடித்த தனுஷ் அறிக்கை விட்டார். உரிமை எங்களுடையது என்றது படத்தைத் தயாரித்த ஈராஸ் நிறுவனம். 1957ஆம் வருடத்துக் காப்புரிமைச் சட்டமும் சினிமாவுக்குத் தயாரிப்பாளரைத்தான் ஆசிரியர் என்கிறது. நடிப்பையோ பாட்டையோ பெயர் கெடும்படி சிதைத்தால் தடுக்க, நடிகருக்கும் பாடகருக்கும் 2012 திருத்தம் வழி கொடுத்தது. இயக்குநருக்கு அதுவும் இல்லை. படத்தை நெஞ்சில் சுமந்து எடுத்தவனிடம் ஒரு வார்த்தை கேட்க வேண்டாமா? எனக்கு மனசு ஆறவில்லை.

ஆனால் இசையமைப்பாளர் ஏ.ஆர். ரஹ்மான் கேட்டார். 'லால் சலாம்' படத்தில் 'திமிரி எழுடா' பாட்டுக்குப் பம்பா பாக்யா, சாகுல் ஹமீது இருவருடைய குரலையும் ஏஐயால் கொண்டுவந்தபோது, குடும்பத்தாரிடம் அனுமதி வாங்கி, சம்பளமும் கொடுத்தார். கருவி ஒன்றுதான் தம்பி, நடந்துகொண்ட விதம் வேறு.

2026 பிப்ரவரியில் மத்திய அரசு கொண்டுவந்த விதியில், ஏஐயால் செய்ததென்று முத்திரை குத்தச் சொல்லியிருக்கிறார்கள். நல்லதுதான். ஆனால் முத்திரை குத்திவிட்டால் அனுமதி வாங்கியதாகிவிடுமா? அதோடு, அரசோ நீதிமன்றமோ சொன்னால் 3 மணி நேரத்தில் பதிவை நீக்க வேண்டுமாம். முன்பு 36 மணி நேரம். அதுதான் பயமாக இருக்கிறது. 2012ல் பக்கத்துப் புதுச்சேரியில் ஒரு வியாபாரியை ஒரு ட்வீட்டுக்காகத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவில் பிடித்துக்கொண்டு போனார்களே! அந்தப் பிரிவை உச்ச நீதிமன்றம் ரத்துசெய்ய 2015 ஆயிற்று. எளியவன் குரலைத் திருடுபவனைப் பிடிக்கத்தான் சட்டம் வேண்டும், எளியவன் வாயை அடைக்க அல்ல.

இப்போது நீ ஆசையாகக் கேட்டதற்கு வருகிறேன். உன் மகள் நிக்காஹ்வில் மறைந்த வாப்பா குரலிலேயே ஏஐயால் துஆ வரும்படி செய்கிறேன் என்றாய். உன் பாசம் புரியாமல் இல்லை. நான் தம்மாமில் இருந்தபோது வாப்பா கொடுத்தனுப்பிய கேசட் என் பீரோவில்தான் இருக்கிறது. வெள்ளாற்றில் கொடுவா நிறையப் படுகிறது என்று பேசிக்கொண்டே வருவார், நடுவில் இருமல், பாங்கு கேட்டதும், "இருப்பா, தொழுதுட்டு வர்றேன்" என்று பட்டனை அமுக்குவார். அவ்வளவும் அவர் பேசியது. வாப்பா கேட்காத துஆவை மிஷின் கேட்க, அதற்கு நாம் ஆமீன் சொல்வதா? என்னால் முடியாது.

ஆனாலும் முடிவு உம்மாவுடையது. நீயே போன் போட்டுக் கேள். உம்மா சம்மதித்தால், கேசட்டில் இருப்பதை மட்டும் எடுத்துப் போடுவோம். மாமி மகன் அடுத்த வாரம் சிங்கப்பூர் திரும்புகிறான், அவனிடம் கொடுத்தனுப்புகிறேன். நாடா நைந்திருக்கிறது, முதல் ஓட்டத்திலேயே பதிவு செய்துகொள்.

அன்புடன்,
காக்கா