மன்னார்த் தீவில் மூன்று நாட்கள்

பூமியில் பயணம் செய்து படிப்பினை பெறுமாறு திருமறை பலவிடங்களில் நம்மைத் தூண்டுகிறது. கடலிலிருந்து புத்தம் புதிய உணவை இறைவன் நமக்கு வசப்படுத்தித் தந்திருப்பதையும் அது நினைவூட்டுகிறது. இவ்விரண்டையும் ஒருங்கே எண்ணி நெகிழ வைத்த பயணம் ஒன்று, 2025 ஜனவரியில் எனக்கு வாய்த்தது.

இராமநாதபுரம் மாவட்டத்தில் பிறந்த எனக்கு, மன்னார் கேள்விப்பட்ட ஊர், கண்ட ஊரன்று. 1914 முதல் 1964 டிசம்பர்ப் புயல் வரை தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னாருக்கு நீராவிக் கப்பல் ஓடியது. காலை உணவை இக்கரையிலும் பகலுணவை அக்கரையிலும் உண்டதாக எங்கள் பாட்டனார் சொல்வார். இடையிலுள்ள தூரம் ஏறத்தாழ 30 கிலோமீட்டர்தான். நானோ விமானத்தில் கொழும்பு சென்று, அங்கிருந்து பேருந்தில் ஒரு பகல் முழுவதும் பயணம் செய்ய நேர்ந்தது.

என்னை அழைத்தவர், உம்ராவுக்குச் சென்றிருந்தபோது மதீனாப் பள்ளியின் முற்றத்தில் தமிழால் அறிமுகமான நண்பர். மன்னார்த் தீவின் எருக்கலம்பிட்டியைச் சேர்ந்தவர். புத்தளத்தில் அவர் என்னுடன் சேர்ந்துகொண்டார். அங்கு வசிக்கும் அவருடைய ராத்தா எங்களுக்குத் தேநீர் தந்து, புறப்படும்போது தம்பியிடம் ஒன்றே ஒன்று கேட்டார்: "வேறொன்றும் வேண்டாம் தம்பி. நம்முட வளவுப் பனங்கிழங்கு கொஞ்சம் கொண்டு வா." பனங்கிழங்கு புத்தளத்தில் கிடைக்காததா என்று எண்ணிக்கொண்டேன். கேட்கவில்லை.

கடலும் காற்றும்

பெருநிலத்திலிருந்து தீவுக்குக் கடலின் ஊடே நீண்ட சாலை செல்கிறது. அதற்கு முன்னரே வங்காலைப் பறவைகள் சரணாலயம். 2010இல் பன்னாட்டு முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமாக அறிவிக்கப்பட்ட அவ்விடத்தில், ஆழமற்ற நீரில் பூநாரைகள் கூட்டமாக நின்று தலையைக் கவிழ்த்து இரை தேடிக்கொண்டிருந்தன. இளஞ்சிவப்பு ஆடையைக் காயப்போட்டாற் போன்ற காட்சி! சுப்ஹானல்லாஹ் என்று நா தானாகவே மொழிந்தது.

தீவின் வாயிலில் பழைய கோட்டை நிற்கிறது. 1560இல் போர்ச்சுக்கீசியர் கட்டியது. 1658இல் டச்சுக்காரர் கைக்கு மாறியது. நகர வீதிகளில் கழுதைகள் அச்சமின்றி உலவுகின்றன. பள்ளிமுனையில் பெருக்க மரம் ஒன்று உள்ளது. ஆப்பிரிக்காவைத் தாயகமாகக் கொண்ட இம்மரத்தை அரபு வணிகர்கள் கொண்டுவந்தனர் என்பது அங்கு வழங்கிவரும் செய்தி. உயரம் குறைவு, பருமனோ, பத்துப் பேர் கைகோத்தாலும் சுற்றி வளைக்க இயலாது.

எருக்கலம்பிட்டி தீவின் வடகரையில் இருக்கிறது. ஃபஜ்ருத் தொழுகைக்குப் பின் நண்பருடன் கடலோரம் நடந்தேன். அலை ஓய்ந்த பாக்குக் கடல் முழங்காலளவு நீராய் வெகுதூரம் விரிந்து கிடந்தது. வாடைக்காற்றில் பனையோலைகள் சலசலத்தன. வள்ளங்களிலிருந்து இறங்கிய மீனவர்கள் சலாம் சொல்லி, விலை பேசாமலே இரண்டு பாரை மீன்களை எங்கள் கூடையில் இட்டார்கள்.

பிளாவில் ஊற்றிய கூழ்

அத்தீவின் உணவைக் கடலும் பனையும் பங்கிட்டுக்கொள்கின்றன. காலையில் தேங்காய்ப்பூ இட்ட பிட்டும் மீன் குழம்பும். பகலில் சோற்றுடன் கணவாய்க் கறியும் சுறா வறையும். அவித்த சுறாவை உதிர்த்து, தேங்காய்ப்பூவும் பச்சை மிளகாயும் சேர்த்து வறட்டி எடுப்பதே வறை.

இரண்டாம் நாள் மாலை ஒடியற் கூழ் காய்ச்சினார்கள். பனங்கிழங்கைக் கிழித்து வெயிலில் காயவைத்தால் ஒடியல். அதை இடித்த மாவுதான் கூழுக்கு ஆதாரம். பெரிய பானையில் மீன், இறால், பயற்றங்காய், மரவள்ளி, பலாக்கொட்டை ஆகியவற்றை வேகவிட்டு, அரைத்த செத்தல் மிளகாயும் புளியும் சேர்த்து, கடைசியில் கரைத்த மாவை ஊற்றுகிறார்கள். பனையோலையைக் குவித்துச் செய்த பிளாவில் ஊற்றி முற்றத்தில் வட்டமாக அமர்ந்து குடித்தோம். உறைப்பால் கண்ணில் நீர் வந்தது. மேலும் ஒரு பிளா கேட்டு வாங்கினேன்.

தோண்டாத பாத்தி

மூன்றாம் நாள் காலை நண்பர் மண்வெட்டியுடன் வளவின் மூலைக்குச் சென்றார். அங்கே பனைகள் சில, ஒன்றையொன்று இடிப்பதுபோல் நெருக்கமாக நின்றன. இவ்வளவு நெருக்கமாக யாரும் பனை வைக்கமாட்டார்களே என்றேன். அவர் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு சொன்னார்:

"இது வைத்த பனை இல்லை, மௌலவி. வாப்பா கிழங்குக்காகப் போட்ட பாத்தி."

1990 அக்டோபர் இறுதியில், வட மாகாணத்து முஸ்லிம்கள் அனைவரும் வெளியேற வேண்டுமென விடுதலைப் புலிகள் ஆணையிட்டனர். ஏறத்தாழ 75,000 பேர் வீடு, நிலம், தொழில் அனைத்தையும் விட்டு அகன்றனர். மன்னார்த் தீவின் மக்கள் படகேறிக் கற்பிட்டிக் கரை சேர்ந்தனர். அதே ஆண்டில் போருக்கு அஞ்சிய தமிழ்க் குடும்பங்கள் பல, எதிர்த்திசையில் படகேறி நம் மண்டபம் முகாமுக்கு வந்ததையும் நாம் மறத்தலாகாது. ஒரே கடல், இரு திசைகளிலும் அகதிகள்.

நண்பருக்கு அப்போது வயது பதினைந்து. அந்த மாதத்தில்தான் அவருடைய தந்தையார் பனங்கொட்டைகளை அடுக்கி மணல் மூடியிருந்தார். தை மாதத்தில் தோண்ட வேண்டிய கிழங்கு. தோண்ட யாருமில்லை. புத்தளத்து ஓலைக் குடிசையில் இருந்தபடி, "கிழங்கு முற்றியிருக்கும்" என்று அவர் ஒவ்வொரு தை மாதமும் சொல்வாராம். அங்கேயே 1998இல் மறைந்து, அங்கேயே அடக்கமானார். போர் 2009இல் முடிந்தபின் மறு ஆண்டு இவர்கள் திரும்பி வந்தபோது, வீட்டுக்குக் கூரை இல்லை. கிணறு தூர்ந்து கிடந்தது. பாத்தி இருந்த இடத்தில் மட்டும் பனைகள் எழுந்து நின்றன. கொட்டைகளில் பெரும்பாலானவை பட்டுப்போக, எஞ்சியவை மரமாகியிருந்தன.

இப்போது அந்தப் பனைகளின் பழங்களிலிருந்து எடுத்த கொட்டைகளையே நண்பர் ஆண்டுதோறும் பாத்தி போடுகிறார். ராத்தா கேட்ட கிழங்கு எது என்பது அப்போதுதான் எனக்கு விளங்கியது.

மக்காவை விட்டு வெளியேறியபோது நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அவ்வூரை நோக்கித் தம் அன்பை வெளிப்படுத்திய நிகழ்ச்சியை எத்தனையோ முறை மாணவர்களுக்குப் பாடமாகச் சொல்லியிருக்கிறேன். அதன் கனத்தை அந்தப் பனைகளின் அடியில்தான் உணர்ந்தேன்.

திரும்பும் வழியில் புத்தளத்தில் இறங்கினோம். ராத்தா கிழங்குகளை மடியில் வைத்து மண்ணைத் தட்டினார், ஒன்றும் பேசவில்லை. பிறகு மஞ்சளும் உப்பும் இட்டு அவித்து, முதற் கிழங்கை அண்டை வீட்டுப் பிள்ளைக்குக் கொடுத்துவிட்டு எங்களுக்குப் பரிமாறினார். ஒருவர் நட்ட மரத்திலிருந்து மனிதரோ பறவையோ உண்பது அவருக்கு தர்மமாக எழுதப்படும் என்பது நபிமொழி. அந்தத் தந்தையாருக்கு, அவர் காணாத அறுவடை ஒவ்வொரு தை மாதமும் போய்ச் சேர்ந்துகொண்டிருக்கிறது.

தம் மண்ணை விட்டு அகற்றப்பட்ட மாந்தர் அனைவரையும் வல்ல இறைவன் தத்தம் முற்றங்களில் அமைதியுடன் சேர்ப்பானாக! ஆமீன்.