ஆடிக் காற்றில் நின்ற ஜெனரேட்டர்

2012-ஆம் ஆண்டின் கடைசி மாதங்களில் கோயம்புத்தூரில் குடியிருந்தவர்களுக்கு மின்வெட்டைப் பற்றி நான் விளக்க வேண்டியதில்லை. சென்னைக்கு இரண்டு மணி நேரம். எங்களுக்குப் பத்து, பன்னிரண்டு, சில நாட்களில் அதற்கும் மேல். பம்ப்செட் பட்டறைகளும் ஃபவுண்டரிகளும் ஷிஃப்டைக் குறைத்துக்கொண்டிருந்தபோது, ஊரில் நன்றாக ஓடிய வியாபாரம் இன்வெர்ட்டரும் ஜெனரேட்டரும்தான். என்னிடம் வந்த வழக்கும் ஒரு ஜெனரேட்டரைப் பற்றியது.

வந்தவர்கள் தனி வீடுகள் நிறைந்த ஒரு பழைய காலனியின் நலச் சங்கத்தார். காலனி ஓரத்தில் தோட்டத்தோடு இருந்த பங்களா ஒன்றை இடித்து, ஸ்டில்ட்டும் நான்கு மாடியுமாக நாற்பது வீட்டு அடுக்குமாடி எழுந்திருந்தது. அனுமதி பெற்ற வரைபடத்தில் ஜெனரேட்டருக்குப் பின்பக்கம் ஓர் அறை காட்டியிருந்தார்கள். கட்டியபோது அந்த இடம் கார் நிறுத்தமாகிவிட்டது. பில்டர் 100 கே.வி.ஏ. பழைய மெஷின் ஒன்றை வாங்கி, காலனித் தெருவை ஒட்டிய காம்பவுண்டு சுவரோரம் செட்பேக்கில் இறக்கினார். புகைக்குழாயை ஆள் உயரத்தில் தெருவைப் பார்த்துத் திருப்பிவிட்டார். கடைசி வீட்டையும் கிரயம் செய்து கொடுத்துவிட்டுக் கணக்கை முடித்துக்கொண்டார்.

"கரண்ட் போனா இருட்டுல உக்காந்துக்குவோமுங்க வக்கீல் சார். இந்தப் பொகையும் சத்தமும்தான் தாங்க முடியலைங்க" என்றார் சங்கத் தலைவர். மில்லில் கணக்கராக இருந்து ஓய்வு பெற்றவர்.

எங்கே போவது என்பதுதான் முதல் கேள்வி. சிவில் கோர்ட்டில் பொதுத் தொல்லை வழக்குப் போட சிவில் நடைமுறைச் சட்டத்தின் 91-ஆம் பிரிவின்படி அனுமதி வாங்க வேண்டும். வாங்கினாலும் தீர்ப்பு வரும்போது தலைவர் இருப்பாரா என்று எனக்குச் சந்தேகம். பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு அப்போதுதான் சென்னையில் தொடங்கியிருந்தது. அங்கே 14-ஆம் பிரிவில் மனுப் போட, வழக்குக் காரணம் முதலில் எழுந்த நாளிலிருந்து ஆறு மாதம், போதிய காரணம் காட்டினால் இன்னும் 60 நாள். மெஷின் வந்து ஒரு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. எனவே குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 133-ஆம் பிரிவைப் பிடித்துக்கொண்டு கோட்டாட்சியரிடம் போனேன். இப்போது அது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 152-ஆம் பிரிவு. இளம் வக்கீல்கள் அதை அதிகம் தொடுவதில்லை. 1980-இல் ரத்லாம் நகராட்சி வழக்கில், சாக்கடை கட்டப் பணமில்லை என்ற நகராட்சியின் சாக்கை ஒதுக்கித் தள்ளி, நீதிபதி கிருஷ்ணய்யர் உயிர் கொடுத்த பிரிவு அது.

சிக்கல் அந்தப் பிரிவுக்குள்ளேயே இருந்தது. சமூகத்தின் உடல்நலத்துக்கும் சுகத்துக்கும் கேடு செய்யும் "தொழில் அல்லது வியாபாரம்" என்றுதான் ஒரு உட்பிரிவு பேசுகிறது. எதிர்த்தரப்பு வக்கீல் என்னைவிட மூத்தவர், நிதானமானவர். "இங்கே என்ன தொழில் நடக்கிறது? குடியிருக்கிறார்கள், அவ்வளவுதானே" என்று ஒரே வரியில் முடித்தார். இதை எதிர்பார்த்துத்தான் நான் மனுவை வேறு உட்பிரிவில், பொது வழியில் ஏற்படும் தொல்லை என்று வரைந்திருந்தேன். குழாய் தெருவைப் பார்த்திருக்கிறது. தெரு மாநகராட்சியுடையது. பள்ளிக்கூடப் பிள்ளைகள் அந்தப் புகைக்குள்தான் நடந்து போகிறார்கள். குழாயை வீட்டுக் கொல்லையைப் பார்த்துத் திருப்பியிருந்தால், அந்த மனு அன்றைக்கே போயிருக்கும்.

கோட்டாட்சியர் நிபந்தனை உத்தரவு போட்டார். அடுக்குமாடிக்காரர்கள் ஆஜராகி ஆட்சேபம் சொன்னார்கள். சாட்சி விசாரணை தொடங்கியது. தொடங்கியது என்று சொன்னாலும், அந்த அலுவலகத்தில் பட்டா மேல்முறையீடும் அமைச்சர் வருகையும் எங்களுக்கு முந்திக்கொள்ளும். பாதி வாய்தாக்கள் அப்படித்தான் போயின. 142-இன் கீழ் இடைக்காலத் தடை கேட்டதும் கிடைக்கவில்லை.

எங்கள் முக்கிய சாட்சி தலைவரின் மனைவி. பால் கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் அவர் கோடு போட்டு எழுதி வைத்திருந்தார்: கரண்ட் போன நேரம், ஜெனரேட்டர் போட்ட நேரம், நிறுத்திய நேரம். யாரும் சொல்லிச் செய்ததில்லை. பாலுக்குக் கணக்கு எழுதும் கை அதையும் எழுதியிருந்தது, அவ்வளவுதான். நோட்டைச் சான்றாவணமாகக் குறியிட்டதும் மூத்தவர் எழுந்தார்.

"ஏம்மா, வீட்டுக்குள்ள இருக்கிற உங்களுக்கு எது போட்டாங்க, எது நின்னுதுன்னு எப்படித் தெரியும்?"

"ஜன்னல் கம்பி அதிர்றது தெரியாதுங்களா? நின்னா அதிர்றது நிக்கும். மூடி வெச்ச பாத்திரத்து மேல கரி படியறது வேற."

"நீங்க சங்கத் தலைவர் சம்சாரம்தானே?"

"ஆமாங்க. அதுக்காகப் பொகை எனக்குன்னு தனியா வருதுங்களா?"

மூத்தவர் உட்கார்ந்துவிட்டார். அடுத்த வாய்தாவில் தலைவரை நிற்க வைத்துக் கணக்கைத் தீர்த்துக்கொண்டார்.

"உங்க வீட்ல ஜெனரேட்டர் இருக்குங்களா?"

தலைவர் என்னைப் பார்த்தார். நான் காகிதத்தைப் பார்த்தேன். "சின்னதுங்க. கெரசின்ல ஓடறது."

"பொகை வருமா?"

"கொஞ்சமா வருமுங்க."

காலனியில் அப்படி எத்தனை வீடு என்று தொடர்ந்து கேட்டு, பதிலை எழுத வைத்தார். சட்டப்படி அது எங்கள் மனுவைக் கொல்லாது. அடுத்தவனும் செய்கிறான் என்பது தொல்லைக்கு எதிர்வாதம் ஆகாது. ஆனால் கோட்டாட்சியர் புன்னகைத்தது எனக்குப் பிடிக்கவில்லை.

அடுக்குமாடித் தரப்பு சாட்சி சொன்ன நான்காம் மாடிப் பெரியவரை நான் அதிகம் குறுக்கு விசாரணை செய்யவில்லை. இருதய அறுவை சிகிச்சை ஆனவர். லிஃப்ட் இல்லாவிட்டால் இறங்க முடியாது. மோட்டார் ஓடாவிட்டால் சிறுவாணித் தண்ணீர் சம்ப்பிலேயே கிடக்கும், மேல்தொட்டிக்கு ஏறாது. அவர் சொன்னது எல்லாம் உண்மை. உற்பத்தியில் இருந்த பற்றாக்குறை அவர்கள் வீட்டு லிஃப்டில் வந்து நின்றது. அவர்கள் அதைப் புகையாக்கி எங்கள் தெருவுக்குத் தள்ளினார்கள். தெருவில் இருந்தவர்கள் ஆளுக்குக் கொஞ்சமாகக் கெரசின் புகையாக்கிப் பக்கத்து வீட்டுக்குத் தள்ளினார்கள். பிரிவு 133-இன் கைக்கு எட்டுவது பக்கத்து வீட்டுக்காரர் மட்டும்தான். இதை வாதத்தில் சொன்னால் எங்களுக்கே எதிராகப் போகும் என்பதால் சொல்லவில்லை.

139-ஆம் பிரிவின்படி நேரடி ஆய்வுக்கு உத்தரவானது. மாசுக் கட்டுப்பாட்டு வாரியப் பொறியாளர் ஒருவர் ஒலி மீட்டரோடு வந்தார், 2013 ஆடி மாதத்தில். இந்தப் பக்கத்து ஆடியை அறிந்தவர்களுக்கு மீதி புரிந்திருக்கும். பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் காற்று புகுந்து உடுமலை, பல்லடம் பக்கத்துக் காற்றாலைகள் முழு வேகத்தில் சுற்றும் காலம். மின்வெட்டு பெருமளவு காணாமல் போயிருந்தது. ஜெனரேட்டர் தார்ப்பாய் போர்த்திக்கொண்டு தூங்கியது. பொறியாளர், "என்னங்க அளக்கிறது?" என்றார்.

ஓட்டிக் காட்டச் சொன்னோம். ஓட்டினார்கள், லோடு இல்லாமல். பூனை மாதிரி ஓடியது. நான் ஆட்சேபித்து, லிஃப்டையும் இரண்டு மோட்டார்களையும் போட்டு ஓட்ட வேண்டும் என்று எழுதிக் கொடுத்தேன். கொஞ்ச நேரம் வாக்குவாதம். போட்டதும் மெஷின் ஒரு முறை குலுங்கிக் கறுப்பாகத் துப்பியது; பொறியாளர் சட்டை நனைந்த மாதிரி விலகிக்கொண்டார். குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபல், இரவு பத்து மணிக்கு மேல் 45. தெருவில் நின்ற மீட்டர் பகல் வரம்பையே தாண்டிப் போயிற்று.

அதோடு முடியவில்லை. 2005 ஜனவரி முதல் தயாரான ஜெனரேட்டர்களுக்குத்தான் ஒரு மீட்டர் தூரத்தில் 75 டெசிபல் என்ற வரம்பு உண்டு, இது அதற்கு முந்தையது என்றார் மூத்தவர். சரிதான். ஆனால் அந்தப் பழையவற்றுக்கும் விதி உண்டு: ஒலித்தடுப்பு உறையோ அறையோ அமைத்து, குறைந்தது 25 டெசிபல் ஓசையைக் குறைக்க வேண்டும். இங்கே தார்ப்பாய்தான் இருந்தது. புகைக்குழாய்க்கும் எளிய கணக்கு இருக்கிறது. கட்டட உயரத்தோடு, கே.வி.ஏ.வின் வர்க்கமூலத்தை 0.2-ஆல் பெருக்கிக் கூட்ட வேண்டும். நூறின் வர்க்கமூலம் பத்து. ஆக, மொட்டை மாடிக்கு மேல் இரண்டு மீட்டர். வாதிட்ட பக்கங்களில் கோட்டாட்சியர் பென்சிலால் அடிக்கோடிட்டது இந்தக் கணக்கை மட்டும்தான்.

பிறகு கூடங்குளத்தின் முதல் அலகு 2013 அக்டோபரில் மின்கட்டமைப்பில் இணைந்தது. 2014 ஜூனில் மின்தடைக் கட்டுப்பாடுகள் நீக்கப்பட்டன. மூத்தவர் எழுந்து, தொல்லையே இல்லாதபோது உத்தரவு எதற்கு, மனுவை முடித்துவிடலாம் என்றார். எங்கள் சங்கத்திலும் பாதிப் பேருக்கு ஆர்வம் வடிந்துவிட்டது. வாய்தாவுக்கு வருவது தலைவரும் அவர் மனைவியும் மட்டும்தான். மெஷின் அங்கேயேதான் இருக்கிறது, குழாய் தெருவைத்தான் பார்த்திருக்கிறது, ஐப்பசி மழையில் மின்மாற்றி வெடித்தால் மறுபடி ஓடும் என்று மட்டும் சொன்னேன்.

ஆவணியில் உத்தரவு வந்தது. மெஷினை வரைபடத்தில் காட்டிய பின்பக்க அறைக்கு மாற்ற வேண்டும், ஒலித்தடுப்பு உறை, மொட்டை மாடிக்கு மேல் இரண்டு மீட்டர் குழாய், இரவு பத்துக்கு மேல் லிஃப்ட், தண்ணீர் மோட்டார், பொது விளக்கு தவிர வேறெதற்கும் ஓட்டக் கூடாது. கார் நிறுத்தத்தை இழந்த இரண்டு வீட்டுக்காரர்கள் பில்டர் மீது நுகர்வோர் மன்றம் போக என்னையே தேடி வந்தார்கள். எதிரே நின்று வழக்காடிய நான் அதை எடுப்பது அழகில்லை என்று நண்பர் ஒருவரிடம் அனுப்பினேன்.

அந்த அடுக்குமாடிச் செயலாளர் இன்றும் வழியில் பார்த்தால் நின்று பேசுவார். 2022 செப்டம்பரில் அடுக்குமாடிகளின் பொது இணைப்புக்கு யூனிட்டுக்கு 8 ரூபாய் என்று தனிக் கட்டணம் வந்தது. அடுத்த ஆண்டு அரசு அதை 5.50 ஆகக் குறைத்தது. பத்து வீடுகளுக்கு மிகாமல், மூன்று மாடிக்கு மிகாமல், லிஃப்ட் இல்லாத கட்டடங்களுக்கு மட்டும். கோர்ட்டில் அவர்களைக் காப்பாற்றிய லிஃப்ட் இங்கே குறுக்கே நின்றது.

"லிஃப்டைக் கழட்டிப்போட்டா சலுகை கெடைக்குங்களா வக்கீல் சார்?" என்றார்.

"கெடைக்காதுங்க. உங்களுது நாற்பது வீடு."