ஞாயிற்றுக்கிழமைக் கடித வகுப்பு

கல்லூரியில் படிக்கும் பிள்ளைகளுக்குக் கடிதம் எழுதச் சொல்லிக் கொடுக்க, பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திய ஒரு ரயில்வே குமாஸ்தா எதற்கு என்று சங்கத்து அன்பர்கள் சிலர் கேட்டிருக்கிறார்கள். கேட்பது நியாயமே. நமது சங்கத்தின் மாடியில் ஞாயிறுதோறும் மாலையில் கூடும் பதினொரு மாணாக்கருள் ஒருவருடைய தகப்பனார், "தம்பி என்ன படிச்சிருக்கீங்க?" என்று என்னிடமே கேட்டார். சொன்னேன். அடுத்த வாரம் மகன் வரவில்லை. அதற்கடுத்த வாரம் வந்தான். இடையில் அவர் மனம் மாறிய காரணத்தை நான் விசாரிக்கவில்லை.

தந்தையார் பணியிலிருக்கும்போதே காலமானதால், கருணை அடிப்படையில் கடைநிலை ஊழியனாகச் சேர்ந்து, பின்னர் துறைத் தேர்வு எழுதி மேசைக்கு வந்தவன் நான். அன்று முதல் எனக்கு வாய்த்த தொழில் பிறர் எழுதிய கடிதங்களைப் படிப்பது. எழுதுவோர் ஆயிரம் பேர். படித்துவிட்டு அதன்மேல் ஏதேனும் செய்ய வேண்டியவன் ஒருவன். அவனுடைய நாற்காலியிலிருந்து பார்த்தால் ஒரு கடிதம் எப்படித் தோன்றும் என்பதை மட்டுமே இவ்வகுப்பில் சொல்கிறேன்.

கல்லூரிப் பாடத்தை நான் குறைத்துப் பேசுவதாக யாரும் எண்ண வேண்டாம். இங்கு மும்பையில் பி.காம். படிக்கும் நம் பிள்ளைகளிடமிருந்து 'வணிகத் தகவல் தொடர்பு'ப் புத்தகத்தை வாங்கி வரிவிடாமல் படித்தேன். அனுப்புவோர், செய்தி, வழி, பெறுவோர், இடையிலே இரைச்சல் என்று அதில் ஒரு படம் இருக்கிறது. அமெரிக்காவில் பெல் தொலைபேசி ஆராய்ச்சிக்கூடத்தில் பணியாற்றிய கிளாட் ஷானன் என்பார் 1948ஆம் ஆண்டு வெளியிட்ட கட்டுரையிலிருந்து கிளைத்த படம் அது. கம்பிவழிச் செல்லும் செய்தியைப் பற்றிய கணக்கு, கடிதம் எழுதும் பாடத்துக்குள் வந்து குடியேறிவிட்டது! அடுத்து, நல்ல கடிதத்தின் ஏழு குணங்கள்: முழுமை, சுருக்கம், தெளிவு, மரியாதை என்று போகிறது அந்தப் பட்டியல். ஏழும் உண்மையே. பிள்ளைகள் ஏழையும் மூச்சுவிடாமல் ஒப்பிக்கிறார்கள். ஆனால் ஒரு வகுப்பில் நூற்றுக்கு மேற்பட்டோர் இருக்கும்போது, ஒவ்வொருவர் கடிதத்தையும் திருத்திக் கொடுக்க எந்த ஆசிரியரால் இயலும்? எனக்குப் பதினொருவர். அந்த ஒரு சௌகரியமே எனக்குரியது.

முதல் நாள் நான் கடிதம் எழுதச் சொல்லவே இல்லை. ஆளுக்கு இருபது கடிதங்கள் கொடுத்தேன். எல்லாம் நானே கற்பனையாக எழுதியவை. அலுவலகத்துக் காகிதம் ஒன்றுகூட இல்லை. ஐந்து நிமிஷத்தில் அவற்றை மூன்று கட்டுகளாகப் பிரிக்க வேண்டும்: இன்றே நடவடிக்கை எடுக்கத்தக்கவை, விவரம் கேட்டுத் திரும்ப எழுத வேண்டியவை, என்ன வேண்டுமென்றே விளங்காதவை. இரண்டாம் நிமிஷத்திலேயே பையன்களுக்குக் கோபம் வந்துவிட்டது. "வண்டி எண்ணே இல்லையே, அண்ணா! நான் எதைத் தேடுவது?" என்றான் ஒருவன். வண்டி எண் 5 இலக்கம், பி.என்.ஆர். எண் 10 இலக்கம். இரண்டையும் விட்டுவிட்டு, விசிறி ஓடாததால் பட்ட துன்பத்தை ஒரு பக்கம் வருணித்திருந்தது அக்கடிதம். பொருள் என்னும் இடத்தில் 'மிக அவசரம்' என்று மட்டும் போட்டவை நான்கு. மின்னஞ்சலிலும் இதே கதைதான். நாற்பது அவசரங்களுக்கு நடுவே ஓர் அவசரத்தைக் குமாஸ்தா எங்ஙனம் கண்டுகொள்வான்?

இலக்கணப் பிழை பற்றிய அச்சம் நம் பிள்ளைகளைப் பிடித்து ஆட்டுகிறது. ஆதலால் இரண்டாம் வாரம் ஒக்கில் சந்திர சென்னின் கடிதத்தைப் படித்துக் காட்டினேன். 1909இல் சாகிப்கஞ்ச் ரயில்வே அலுவலகத்துக்கு அவர் எழுதியதாக ரயில்வேக்காரர் அனைவரும் அறிந்த கடிதம் அது. பலாப்பழம் மிகுதியாக உண்டு, அகமத்பூர் நிலையத்தில் இறங்கி ஒதுங்கிய நேரத்தில் கார்டு விசில் ஊதிவிட, ஒரு கையில் லோட்டாவும் மறுகையில் வேட்டியுமாக ஓடி விழுந்த கதை. ரயில் பெட்டிகளில் கழிப்பறை வந்ததற்கு அக்கடிதமும் ஒரு காரணம் என்று சொல்லப்படுகிறது. ஆங்கிலமோ வரிக்கு வரி பிழை. பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். சிரித்து ஓய்ந்த பின், "இதில் என்ன இல்லை?" என்று கேட்டேன். எந்த நிலையம், என்ன நேர்ந்தது, யாரால் நேர்ந்தது, என்ன செய்ய வேண்டும், செய்யாவிட்டால் தாம் என்ன செய்வார் என்பது எல்லாம் அதில் இருக்கின்றன. நாமறிந்த வாசகத்தில் வண்டியின் எண் மட்டும் இல்லை. அதைக் கண்டுபிடித்துச் சொன்னவள் இரண்டாமாண்டு பி.காம். படிக்கும் ஒரு பெண். இனிச் சொல்லப்போவது அவள் வீட்டுச் செய்தி. அவர்கள் சம்மதத்துடன் எழுதுகிறேன்.

அவளுடைய தாயார் தாராவியில் துணி தைத்துக் கொடுப்பவர். மாமியாரின் நோய்க்காக ஓராண்டு ஊரில் இருந்துவிட்டுத் திரும்புகையில், தையல் இயந்திரத்தையும் பாத்திர மூட்டையையும் ஒரு லாரிக் கம்பெனியில் போட்டார். மூட்டை வந்தது, இயந்திரம் வரவில்லை. ஐந்து மாதங்களுக்கு மேலாகத் தொலைபேசியில் "இன்று, நாளை" என்ற பதிலே கிடைத்தது. 2025 செப்டம்பர் 28, ஞாயிறன்று, அப்பெண் தான் எழுதிய கடிதத்தைக் கொண்டுவந்தாள். இரண்டு பக்கம், அழகான கையெழுத்து. கம்பெனியின் புகழ், அதன்மேல் தாங்கள் வைத்த நம்பிக்கை, குடும்பத்தின் வருத்தம் யாவும் இருந்தன. பில்ட்டி எண் இல்லை, தேதி இல்லை.

அவள் தாயாரும் உடன் வந்திருந்தார். "அக்கா, நடந்ததை எனக்குச் சொல்லுங்க," என்றேன்.

"பங்குனி உத்திரத்துக்கு மறுநாளு காலையில திருநெல்வேலியில போட்டோம், தம்பி. ரெண்டு உருப்படி. ஒண்ணு பாத்திர மூட்டை, ஒண்ணு மிஷினு, ஸ்டாண்டோட. சாக்கு வச்சுத் தச்சு, மேல சிவப்புப் பெயிண்டுல எங்க வீட்டுக்காரர் பேரு எழுதியிருந்தோம். மூட்டை ஒம்பதாம் நாளு வந்துட்டு. மிஷினு வரல. சீட்டு இந்தா இருக்கு."

எழுதப் படிக்கத் தெரியாத அந்த அம்மாள் சொன்னதில் குமாஸ்தாவுக்கு வேண்டிய ஒன்றும் விட்டுப்போகவில்லை. மகள் முகம் சிவந்துவிட்டது. நான் ஒன்றும் சொல்லவில்லை. பங்குனி உத்திரம் அவ்வாண்டு ஏப்ரல் 11. ஆகவே சரக்குப் போட்டது ஏப்ரல் 12 என்று ஒரு பையன் கணக்கிட்டான். பில்ட்டியிலும் அதே தேதி.

தேதி இவ்வளவு முக்கியமா என்பீர்கள். சாலைவழிச் சரக்குகளுக்கான 2007ஆம் ஆண்டுச் சட்டத்தின் 16ஆம் பிரிவுப்படி, சரக்கு இழப்புக்கு வழக்கிட வேண்டுமானால், பதிவு செய்த நாளிலிருந்து 180 நாட்களுக்குள் எழுத்து மூலம் அறிவிப்புக் கொடுத்திருக்க வேண்டும். ரயில்வேயிலும் 1989ஆம் ஆண்டுச் சட்டத்தின் 106ஆம் பிரிவு ஆறு மாதக் கெடு விதிக்கிறது. சரக்கு வரவில்லை என்று அக்கெடுவுக்குள் சாதாரணமாக எழுதிய புகார்க் கடிதத்தையும் அது அறிவிப்பாக ஏற்கிறது. ஆனால் இன்ன சரக்கென்று அடையாளம் காணப் போதிய விவரம் அதில் இருக்க வேண்டும். அந்த அம்மாளின் 180 நாள் அக்டோபர் 9ஆம் தேதியோடு முடிகிறது. பதினொரு நாளே மிச்சம். ஐந்து மாதமாகப் பேசிய பேச்சுக்கு ஒரு துண்டுக் காகிதமும் சாட்சியில்லை.

வகுப்பு முழுவதும் அன்று அந்த ஒரு கடிதத்திலேயே கழிந்தது. தாயார் சொன்ன வரிசையை மாற்றாமல் மகள் ஆங்கிலத்தில் எழுதினாள். அதை வாங்கிப் படிக்கப் போகிறவருக்கும் ஆங்கிலம் நமக்கு வருகிற அளவில்தான் வரும். ஆகையால் சிறு சிறு வாக்கியங்கள். பில்ட்டி எண், தேதி, உருப்படி, அடையாளம், வந்தது எது, வராதது எது. பதினைந்து நாளில் இயந்திரத்தைத் தேடித் தருக, இல்லையேல் அதன் விலை 9,500 ரூபாய் தருக. இதுவே சட்டப்படியான அறிவிப்பு. மொத்தம் ஒன்பது வரி. "மரியாதை குறைவாக இருக்கிறதே" என்று அவள் தயங்கினாள். ஐயா என்று தொடங்கி, நன்றி என்று முடிகிறது, போதும் என்றேன். இரண்டு பக்கப் புகழுரையைக் கடந்து விஷயத்தைத் தேடும்படி ஒருவரை வைப்பது எனக்கு மரியாதையாகத் தோன்றவில்லை.

செவ்வாயன்று தாயும் மகளும் நேரில் சென்று கொடுத்து, நகலில் முத்திரையும் தேதியும் வாங்கிக்கொண்டார்கள். மறுநாள் ஆயுத பூஜை. கத்திரிக்கோலையும் அளவு நாடாவையும் மட்டும் வைத்துப் பொட்டிட்டார் அந்த அம்மாள்.

அம்மாத நடுவில் கம்பெனியிலிருந்தே அழைப்பு வந்தது. சீட்டுக் கிழிந்துபோய் இயந்திரம் பிவண்டிக் கிடங்கு ஒன்றில் கிடந்ததாம். சிவப்பு எழுத்தை வைத்து அடையாளம் கண்டார்களாம். வீடு வந்து சேர்ந்தது. ஸ்டாண்டின் ஒரு கால் உடைந்திருந்தது. அதற்குத் தாங்கள் பொறுப்பல்ல என்று வண்டியோடு வந்தவர் சொல்லிவிட்டுப் போனார். செங்கல் வைத்து முட்டுக்கொடுத்துத் தைத்துக் கொண்டிருக்கிறார் அந்த அம்மாள்.

உடைந்த காலைப் பற்றி மகள் இன்னொரு கடிதம் எழுதியிருக்கிறாள். அதை என்னிடம் காட்டவில்லை. கொடுத்து முத்திரை வாங்கிய பின்புதான் சொன்னாள்.