கிணற்றுக்குள் இறங்குகிறவர்கள்

காங்கேயம், தாராபுரம் பக்கத்துக் கிணறுகளின் அடியைச் சித்திரை, வைகாசியில்தான் பார்க்க முடியும். ஐப்பசி, கார்த்திகை மழைக்கு ஏறிய நீர் கோடையில் இறங்கிப் பாறையோடு பாறையாகக் கிடக்கும். தூர் எடுக்கும் ஆட்களுக்கு அதுதான் பருவம். காங்கேயத்துக்குத் தெற்கே ஒரு தோட்டத்தில் வேலை தொடங்குகிறது என்று கேள்விப்பட்டுப் போனேன். மேஸ்திரி மோட்டாரை நிறுத்தச் சொல்லி வாதாடிக்கொண்டிருந்தார்.

தோட்டத்துக்காரருக்கு அவசரம். ராத்திரியோடு ராத்திரியாகத் தண்ணீரை இறைத்துவிட்டால் விடிந்ததும் சேறு அள்ளலாம் என்பது அவர் கணக்கு.

"ஏனுங்கண்ணா, ஒரேதா எறச்சுப்போட்டா செவுரு எப்படி நிக்கும்? ஒரு ஆளு ஒசரம் எறைங்க, நிறுத்துங்க. செவுத்துக்குப் பொறத்தால இருக்கற தண்ணி வடியட்டும். பொறகு மறுபடி போடுங்க."

மேஸ்திரி சொன்னது சரி. கிணற்றுக்குள் நிற்கும் நீர் சுவரைத் தாங்கிப் பிடித்திருக்கிறது. சுவருக்குப் பின்னால் உள்ள மண்ணும் அதே அளவுக்கு நனைந்து கனத்திருக்கிறது. உள்ளே இருக்கும் நீரைச் சட்டென்று எடுத்துவிட்டால் தாங்கல் போய்விடும். மண்ணின் கனமோ அப்படியே நிற்கும். நூறு வருடம் நின்ற கல்கட்டு ஒரே நாளில் சாய்வதற்கு இது போதும். இதைப் பொறியியல் மாணவர்கள் பாடமாகப் படிக்கிறார்கள். மேஸ்திரி, சரிந்த கிணறுகளைப் பார்த்துப் படித்திருக்கிறார். வேலை அன்றைக்குத் தொடங்கவில்லை. கூலி இல்லாத நாளாகப் போனாலும் அவர் அசைந்து கொடுக்கவில்லை.

கொங்கு நாட்டின் பெரிய இறைகிணறுகளில் ஒன்று அது. முப்பது அடிக்கு முப்பது அடி சதுரம். மேலே செம்மண் இருக்கும் ஆழம் வரைக்கும் கல்கட்டு; அதற்குக் கீழே சுக்கான் கலந்த இளகிய பாறை; அதற்கும் கீழே கருங்கல். சுவரிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் கற்படிகள் ஒரு ஆள் இறங்கும் அகலத்தில் சரிந்து இறங்குகின்றன. மாடு பூட்டிக் கவலை இறைத்த காலத்துக் கல்தூண்கள் இரண்டும் வடபுறம் அப்படியே நிற்கின்றன. வடக்கயிற்றில் சாலும் தோல் தும்பியும் ஏறி இறங்கிய அந்த நாளில், மாடு இழுக்கிற அளவுதான் கிணறு இறங்கும். மாட்டை அவிழ்த்துவிட்டால் இரவெல்லாம் ஊறும். 1930களில் பைக்காரா மின்சாரம் கோவைச் சீமைக்கு வந்தது. 1990இல் விவசாயத்துக்கு மின்சாரம் இலவசமானது. விவசாயியின் முதுகிலிருந்து பெரிய பாரம் இறங்கியது உண்மை. கூடவே, கிணற்றைப் பார்த்து இறைக்கும் பழக்கமும் போய்விட்டது. கரண்ட் இருக்கிற நேரம்தான் இப்போது கணக்கு.

நீர் வடிந்த பிறகும் யாரையும் உடனே இறங்க விடவில்லை மேஸ்திரி. கயிற்றில் கட்டிய அரிக்கேன் விளக்கு முதலில் இறங்கியது. அடியில் போய் எரிந்தது. பிறகு ஒரு வேப்பங்கிளையைக் கயிற்றில் கட்டி நாலைந்து முறை ஏற்றி இறக்கிக் காற்றைக் கலக்கினார்கள். பழைய முறைதான். ஆனால் அது பாதிக் காவல்தான் என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும். பிராணவாயு இல்லையென்றால் விளக்கு அணைந்து காட்டிக்கொடுக்கும். மக்கிய சேற்றிலிருந்து எழும் நச்சுவாயுவையோ, டீசல் எஞ்சினிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடையோ அது காட்டாது. எரியும் வாயு தேங்கியிருந்தால் விளக்கே வினையாகிவிடும். இந்தக் குழு எஞ்சினை ஒருபோதும் கிணற்றுக்குள் இறக்குவதில்லை. ஆனால் காற்றை உள்ளே தள்ளும் ஊதுவிசிறியும் வாயுவை அளக்கும் கருவியும் இவர்களிடம் இல்லை. விழுந்தவனைத் தூக்க இறங்கியவரும் அடுத்தடுத்து விழுந்த செய்திகள் கோடைதோறும் வருகின்றன. ஊராட்சிக்கு ஒரு கருவி வாங்கி வைப்பது கைக்கு எட்டாத காரியம் இல்லை.

நானும் பாதிப் படி வரை இறங்கினேன். மேலே கொளுத்துகிற வெயில். அங்கே ஈரம் கழுத்தில் வந்து ஒட்டியது. மேஸ்திரி எனக்குக் கீழே நின்று, கடப்பாரையின் பின்முனையால் பாறையைத் தட்டிக்கொண்டே நகர்ந்தார். கணீரென்று கேட்ட இடங்களைக் கடந்தார். ஓரிடத்தில் 'பொத்' என்று அமுங்கிக் கேட்டது. மறுபடி தட்டினார். காதைப் பாறையோடு வைத்து மூன்றாம் முறை தட்டினார். பிறகு கடப்பாரையின் கூர்முனையை ஒரு வெடிப்பில் செருகி நெம்பினார். ஒரு ஆள் சுமக்க முடியாத பலகைக்கல் பெயர்ந்து சேற்றில் விழுந்தது. அதன் பின்னால் பாறை ஈரமாக மின்னியது. ஆட்கள் கீழே இறங்குவதற்கு முன்பு இப்படி நாலு பக்கமும் தட்டி, விழ வேண்டியதையெல்லாம் அவரே விழவைத்துவிடுகிறார்.

கல்கட்டின் இடுக்கில் ஒரு அரசஞ்செடி முளைத்திருந்தது. தோட்டத்துக்காரர் வெட்டிவிடச் சொன்னார். வெட்டினால் இரண்டு மடங்காகத் துளிர்க்கும் என்று மேஸ்திரி இரண்டு கற்களைக் கழற்றி, வேரைக் கைநீளத்துக்கு இழுத்து எடுத்துவிட்டு, கற்களைப் பழையபடி செருகினார். சிமெண்டு பூசவில்லை. முழுக்கப் பூசி மெழுகினால் பார்க்க அழகாக இருக்கும். ஆனால் ஊறி வரும் நீருக்கு வழி அடைபடும், பின்னால் தேங்கும் நீர் சுவரை முன்னால் தள்ளும். கிணற்றைச் 'சீரமைக்கிறேன்' என்று உள்ளெல்லாம் பூச்சு வேலை செய்வதைப் பல ஊர்களில் பார்த்திருக்கிறேன். அது கிணற்றுக்குச் செய்யும் கெடுதல்.

சேறு இரண்டடி உயரத்துக்கு இருந்தது. அந்த அகலத்துக்கு அது 1,800 கன அடி, அதாவது 18 யூனிட். அத்தனையையும் கீழே இருக்கும் நாலு பேர் மண்வெட்டியால் வெட்டிக் கிரேன் தொட்டியில் நிரப்ப வேண்டும். தொட்டி ஏறும்போது நாலு பேரும் சுவரோரம் ஒதுங்குகிறார்கள். தொட்டி கரையைத் தாண்டித் திரும்பிய பிறகுதான் நடுவே வருகிறார்கள். இரும்புவடத்தில் ஒரு இழை பிரிந்திருக்கிறதா என்று கிரேன் ஓட்டுபவர் தினமும் காலையில் துணியை வைத்து உருவிப் பார்க்கிறார். பிரிந்த இழை துணியில் மாட்டும். இவர்களுக்குப் பேசப்படும் கூலி மொத்தக் குத்தகை; சரிவுக்கும் காயத்துக்கும் அதில் பங்கு இல்லை. கிணறு வெட்டுவது கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்தின் பட்டியலில் உள்ள தொழில்தான். ஆனால் அட்டை இருக்கிறதா என்று கேட்டதற்கு, அந்தக் குழுவில் ஒருவர்தான் கை தூக்கினார்.

தூர் எடுத்து முடிந்ததும் கிழக்கு மூலையில் பாறை வெடிப்பிலிருந்து விரல் தடிமனுக்கு நீர் கொப்பளித்தது. அதுவரை பேசிக்கொண்டே வேலை செய்தவர்கள் எல்லோரும் மண்வெட்டியை ஊன்றி நின்று பார்த்தார்கள். ஊற்றுக்கண் அடைபட்டுக் கிடந்ததைத்தான் ஊரில் எல்லோரும் "தண்ணி போச்சு" என்று சொல்லியிருக்கிறார்கள். மேஸ்திரி சுவரில் சாக்கட்டியால் கோடு கிழித்தார். ஒரு மணி நேரத்தில் மூன்று அங்குலம் ஏறியிருந்தது. முப்பதுக்கு முப்பது கிணற்றில் ஒரு அங்குலம் என்பது ஏறக்குறைய 2,100 லிட்டர். மூன்று அங்குலத்துக்கு 6,000 லிட்டருக்கு மேல். இதற்குத் தக்கபடி மோட்டாரை ஓட்டினால் தென்னைக்குத் தாராளம் என்றார்.

கிணற்றுக்குள் பக்கவாட்டில் துளையிடும் சைடுபோர் போடலாமா என்று தோட்டத்துக்காரர் கேட்டார். இந்த வருடம் வேண்டாம், ஊறலைப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்று மேஸ்திரி தனக்கு வரக்கூடிய வேலையையே தள்ளிவைத்தார். ஆழ்குழாய்க் கிணறு பற்றியும் பேச்சு வந்தது. தோட்டத்துக்குத் தோட்டம் ஆழ்குழாய் இறங்கினால், ஆழம் குறைந்த கிணறுதான் முதலில் வற்றும். தமிழ்நாட்டில் நிலத்தடி நீரை நெறிப்படுத்த 2003இல் ஒரு சட்டம் வந்தது. நடைமுறைக்கு வராமலே 2013இல் அது திரும்பப் பெறப்பட்டது. வற்றிய கிணறுகள் பல இடங்களில் குப்பைக் குழியாகிவிட்டன. அவற்றில் எத்தனை ஊற்று அடைபட்டு மட்டும் கிடந்தவையோ என்று இந்தக் கிழக்கு மூலையைப் பார்த்த பிறகு மனம் அடித்துக்கொள்கிறது.

கடைசி நாள் மேஸ்திரி கேட்டது இரண்டே காரியங்கள். கரையில் குவித்த சேற்றை மழைக்கு முன்னால் வயலுக்கு அள்ளிவிட வேண்டும். இல்லையென்றால் அதன் பாரமே கரையைத் தள்ளும், மீதி மழையோடு உள்ளே வந்து சேரும். மேட்டுக்காட்டிலிருந்து ஓடிவரும் மழைநீரை நேராகக் கிணற்றில் விடக் கூடாது. ஆறடிக்கு ஆறடி குழி வெட்டி, அடியில் பெருங்கல், மேலே ஜல்லி, அதற்கும் மேலே மணல் பரப்பி, தெளிந்த நீர் மட்டும் குழாய் வழியாக இறங்கும்படி செய்ய வேண்டும். குழிக்கான இடத்தைக் கல்தூண்களுக்கு அந்தப் பக்கம், கரையிலிருந்து நன்றாகத் தள்ளி, கடப்பாரையால் நாலு மூலையும் குத்திக் காட்டினார். தோட்டத்துக்காரர் அங்கேயே நின்று குழி வெட்டவும் விலை கேட்டார்.