மூடிய அறையில் யாருடைய மூச்சு?

எங்கள் தோட்டப் பள்ளிக்கூடம் பழைய கட்டடம். பாதி உயரத்துக்குத்தான் சுவர். அதற்கு மேலே கம்பி வலை. மழை பெய்தால் சாரல் அடித்துப் பிள்ளைகளின் நோட்டுகள் நனையும். அதைக் குறை சொல்லாத பெற்றோர் இல்லை. ஆனால் முப்பது பிள்ளைகள் விடும் மூச்சு அங்கே தங்குவதில்லை.

என் மகள் டியூஷன் படிக்கும் இடம் அப்படியல்ல. கிள்ளானிலிருந்து கோமுட்டர் ரயிலில் கே.எல். சென்ட்ரல் போய் இறங்கினால், பிரிக்பீல்ட்ஸில் ஒரு கடைவீட்டு மாடி. ஏர்கோன் ஜில்லென்று இருக்கும். ஜன்னல்களை ஆணியடித்து மூடியிருந்தார்கள். வீட்டிலோ என் மாமியார் இருக்கிறார். காசநோய் கண்டு, ஆறு மாதம் மருந்து சாப்பிட்டுத் தேறியவர், நுரையீரல் பலவீனம். மகள் இருமிக்கொண்டு படியேறும்போதெல்லாம் எனக்கு வயிற்றைக் கலக்கும்.

காசநோயும் கோவிட்டும் காற்றில் மிதக்கும் நுண்துளிகளால் பரவுபவை. அந்தக் கிருமிகளை அளக்க நம்மிடம் கருவி இல்லை. மூச்சோடு வெளிவரும் கரியமில வாயுவை அளக்கலாம். வெளிக்காற்றில் அது பத்து லட்சத்துக்குச் சுமார் 420 பங்கு. நாம் விடும் மூச்சில் சுமார் 40,000. ஏர்கோன் போட்ட வேலையிடங்களில் 1,000-ஐத் தாண்டக் கூடாது என்று நம் நாட்டு வேலையிடப் பாதுகாப்பு, சுகாதார இலாகா 2010-இல் விதித்தது.

இருநூறு வெள்ளிச் சொச்சத்துக்கு உள்ளங்கையளவு கருவி ஒன்று வாங்கினேன். அகச்சிவப்புக் கதிரால் அளப்பதா என்று பார்த்து வாங்க வேண்டும். மலிவான சிலவற்றில் சென்ட் வாசனைக்கே எண் ஏறிவிடும். மகள் வகுப்பில் வைத்துக் குறித்து வந்தாள். தொடக்கத்தில் 600. ஒரு மணி நேரத்தில் 2,400! கணக்குப் போட்டுப் பார்த்தேன். இழுக்கும் இருபது மூச்சில் ஒன்று, அந்த அறையில் யாரோ ஏற்கெனவே விட்ட மூச்சு.

டியூஷன் நடத்துபவரிடம் சொன்னேன்.

“ஏர்கோன் ஓடுதே டீச்சர், காத்து வந்துகிட்டுதானே இருக்கு?” என்றார்.

பலரும் இப்படித்தான் நினைக்கிறார்கள். சுவரில் மாட்டும் ஏர்கோன் உள்ளே இருக்கும் காற்றையே குளிர்வித்துச் சுற்ற விடுகிறது. மின்கட்டணம் ஏறுமே என்று தயங்கியவர், மகள் எழுதிய தாளைப் பார்த்ததும் ஆணியைப் பிடுங்கி இரண்டு ஜன்னல்களைத் திறந்தார். காற்றை வெளியே தள்ளும் விசிறியும் மாட்டினார். மறுவாரம் 900.

புகைமூட்டக் காலத்தில்தான் சங்கடம். 2005 ஆகஸ்டில் போர்ட் கிள்ளானிலும் கோல சிலாங்கூரிலும் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 500-ஐத் தாண்டி, அவசரநிலையே அறிவித்தார்கள். அப்படிப்பட்ட நாளில் ஜன்னலைத் திறக்கச் சொல்ல யாருக்கு மனம் வரும்? சாத்திவிட்டு, காற்று வடிகட்டும் கருவியை ஓட்டலாம். புகைத்தூளையும் கிருமித் துளிகளையும் அது பிடிக்கும். கரியமில வாயுவைப் பிடிக்காது, அதனால் எண் மட்டும் இறங்காது. வடிகட்டியின் விலையைக் கேட்டு டியூஷன்காரர் மலைத்துப் போயிருக்கிறார். பெற்றோர் ஆளுக்குப் பத்து வெள்ளி போடலாமா என்று பேசிக்கொண்டிருக்கிறோம்.