நீர்வழியே ஒரு திருப்பயணம்

கிறிஸ்து பிறப்பு விழாவின் மறுநாள், 2022 டிசம்பர் 26ஆம் தேதி, காலைத் திருப்பலி முடிந்ததும் நம் மறைவட்டத்து இளைஞரும் இளம்பெண்களுமாக நாற்பது பேருடன் ஒரு பேருந்தில் புறப்பட்டோம். வழக்கமான திருயாத்திரையாயின் வேளாங்கண்ணி, பூண்டி, ஓரியூர் என்று திருத்தலங்களின் பெயர்கள் வரிசையாய் இருந்திருக்கும். இம்முறை தமிழகத்தின் பகுதிகளை அவற்றின் ஏரிகள், காடுகள், ஊர்கள் வழியாகக் காண்பது என்று முடிவு செய்திருந்தோம். "கோயில் கோயிலாகப் போகாமல் ஏரி ஏரியாகப் போவது என்ன யாத்திரை, சாமி?" என்று பங்கின் பெரியவர்கள் சிலர் கேட்கவும் செய்தனர். அதற்கு நாம் அன்று சொன்ன விடை அரைகுறையானது. ஐந்து நாள் கழித்துத் திரும்பிய பின்னரே முழு விடை நமக்கே விளங்கிற்று. அதனை இவ்விதழின் இல்லத்தாருக்குச் சொல்லக் கடமைப்பட்டுள்ளோம்.

தமிழ்நாட்டில் ஏறத்தாழ 39,000 ஏரிகளும் குளங்களும் உள்ளன. ஒரு மனிதன் அவற்றை அழைக்கும் சொல்லைக் கொண்டே அவன் எந்தப் பகுதியினன் என்று கண்டுகொள்ளலாம். வடமாவட்டத்தார் ஏரி என்பர். மதுரை, இராமநாதபுரம் பக்கத்தார் கண்மாய் என்பர். நெல்லைச் சீமையார் குளம் என்பர். குடிநீருக்கென்று காத்து வைத்தது ஊருணி, சிறியது தாங்கல், அதனினும் சிறியது குட்டை. பெயர் பல, எனினும் பெய்த மழையை ஓடவிடாமல் நிறுத்தி, பிறர்க்கும் பகிர்ந்து வாழவேண்டும் என்ற கருத்து ஒன்றே.

முதல் நாள் நண்பகலில் பிச்சாவரம் சேர்ந்தோம். ஆழிப்பேரலையின் நினைவு நாள் அது. 2004ஆம் ஆண்டு அதே நாளில் வேளாங்கண்ணிக் கடற்கரையில் மாண்ட திருப்பயணிகளையும், கடலோர ஊர்கள் அனைத்திலும் இறந்தோரையும் நினைந்து படகுத்துறையிலேயே மன்றாடினோம். பின்னர் சிறு சிறு குழுக்களாகப் படகேறி அலையாத்திக் காட்டினுள் நுழைந்தோம். சுரபுன்னையின் வேர்கள் பந்தற்கால் நட்டாற்போல நீரில் ஊன்றி நிற்க, மேலே கிளைகள் கவிந்து நடுப்பகலிலும் நிழல் தந்தன. சிதம்பரத்துக்குத் தில்லை என்ற பழம்பெயரைத் தந்த தில்லை மரமும் இக்காட்டைச் சேர்ந்ததே. பேரலை வந்த அன்று, இக்காட்டுக்குப் பின்புறம் இருந்த ஊர்கள், காப்பின்றிக் கடலை நோக்கியிருந்த ஊர்களைவிடக் குறைந்த சேதமே கண்டன. படகோட்டி ஒரு வேரைத் தொட்டுக் காட்டி, "இதைத்தாங்க அன்னைக்கு நாங்க கும்பிட்டோம்" என்றார். அதில் இறையியல் பிழை காண நமக்கு மனம் வரவில்லை. காத்தவர் இறைவன், காப்பதற்கு அவர் கையாண்ட கருவி அந்த வேர்.

அன்று மாலை காட்டுமன்னார்கோயில் வழியாக வீராணம் ஏரிக்கரைக்கு வந்தோம். பத்தாம் நூற்றாண்டில் முதலாம் பராந்தக சோழன் காலத்தில் வெட்டப்பெற்று, அவனது வீரநாராயணன் என்ற பெயரைத் தாங்கிய ஏரி இது. கல்கியின் 'பொன்னியின் செல்வன்' இந்தக் கரையில்தான் தொடங்குகிறது என்று சொன்னதும் இளைஞர் துள்ளினர். கரையின் நீளம் ஏறத்தாழ 16 கிலோமீட்டர். வயல்களுக்குப் பாய்வதோடு, 2004 முதல் ஏறத்தாழ 230 கிலோமீட்டர் தொலைவிலுள்ள சென்னைக்கும் இதிலிருந்து குடிநீர் செல்கிறது.

பொதுப்பணித் துறையில் மதகு திறக்கும் பணி செய்து ஓய்வு பெற்ற ஒருவர் கரையில் நம்மோடு பேசிக்கொண்டிருந்தார். கொள்ளிடத்தில் அணைக்கரையருகே 1836இல் கட்டப்பட்ட கீழணையிலிருந்து வடவாறு என்ற கால்வாய் வழியே இந்த ஏரிக்கு நீர் வருவதை விளக்கினார். பின்பு ஏரிகள் தனித்தனியே இருப்பன அல்ல என்றும், சங்கிலிக் கண்ணிகளைப்போல் ஒன்றோடொன்று தொடுத்தவை என்றும் சொன்னார். "மேல ஏரிக்குக் கழிவு, கீழ ஏரிக்கு வரவு. நடுவுல ஒண்ணைத் தூர்த்தீங்கன்னா தண்ணி கோவிச்சுக்கிட்டுப் போயிடாது, சாமி. வூட்டுக்குள்ள வந்துடும்" என்றார்.

அருகில் நின்ற ஒரு பெண், பன்னிரண்டாம் வகுப்பு மாணவி, நம்மைப் பார்த்துக் கேட்டாள்: "ஃபாதர், 2015 மழையில எங்க தெருவுக்குள்ள தண்ணி வந்தது அதனாலதானா? எனக்கு அப்ப அஞ்சாம் வகுப்பு. புத்தகம் எல்லாம் போயிடுச்சு. கோயிலுக்குப் பின்னால முன்னாடி ஒரு தாங்கல் இருந்ததுன்னு அம்மா சொல்வாங்க. யார் அதைத் தூர்த்தாங்கன்னு தெரியல."

நமக்குத் தெரியும். தூர்த்தவர் நாமே.

அவளுடைய ஊரில் நாம் பங்குத் தந்தையாய் இருந்தபோது, 2009ஆம் ஆண்டு, ஆலயத் திருவிழாவுக்கு வரும் கூட்டம் பெருகிற்று. தேர்ப்பவனிக்கும் அன்னதானத்துக்கும் இடம் போதவில்லை. ஆலயத்தின் பின்னே ஒரு தாங்கல் ஆண்டின் பெரும் பகுதி வறண்டு, முள் மண்டிக் கிடந்தது. அதனை மேடாக்கிவிட்டால் நல்ல மைதானம் கிடைக்கும் என்று பங்குப் பேரவையில் எடுத்துரைத்தோம். எல்லாரும் தலையசைத்தனர். ஒரு காலத்தில் ஊருக்கு நீர்க்கட்டியாய் இருந்த முதியவர் ஒருவர் மட்டும் எழுந்து, "வேண்டாங்க சாமி. அது தூங்குது, சாகலை" என்றார். கூட்டம் சிரித்தது. நாமும் சிரித்தோம். இரண்டு மாதத்தில் டிராக்டர் டிராக்டராக மண் வந்து கொட்டியது. அவ்வாண்டுத் திருவிழா சிறப்பாய் நடந்தது. நமக்குப் பாராட்டும் கிடைத்தது.

2012இல் வேறு பங்குக்கு மாற்றம் பெற்றோம். 2015 டிசம்பரில் பெருமழை கொட்டியபோது, தாங்கலில் தங்கியிருக்க வேண்டிய நீர் தங்க இடமின்றித் தாழ்ந்த தெருவுக்குள் புகுந்தது. நிவாரண அரிசியோடு அங்கே சென்றோம். அந்த முதியவரின் வீட்டு மண்சுவர் ஒன்று இடிந்து கிடந்தது. அவர் தாங்கலைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. ஈரமில்லாத ஒரு முக்காலியைத் தேடி எடுத்துத் துடைத்துப் போட்டு, "சாப்பிட்டீங்களா, சாமி?" என்றார். அவ்வளவே. அந்த முக்காலியில் அமர்ந்திருந்த சில நிமிடங்கள் இன்றளவும் நம்மை விட்டு நீங்கவில்லை. திருத்தந்தை பிரான்சிஸ் அவர்களின் 'இறைவா உமக்கே புகழ்' என்ற சுற்றுமடல் வெளிவந்ததும் அதே 2015இல்தான். அதனைக் குறித்து மூன்று ஞாயிறுகள் மறையுரை ஆற்றியிருந்தோம் என்பதையும் இங்கே மறைப்பதற்கில்லை.

வீராணக் கரையில் அந்தப் பெண்ணுக்கு நாம் சொன்ன விடை, "பிறகு பேசுவோம், அம்மா" என்பதே. ஐம்பதைக் கடந்த குருவுக்கும் கோழைத்தனம் வருவதுண்டு.

மறுநாள் ஆற்றை எதிர்த்து மேற்கே சென்றோம். கொள்ளிடத்தின் வடகரையில் ஏலாக்குறிச்சி அடைக்கல அன்னையின் திருத்தலத்தில் திருப்பலி நிறைவேற்றினோம். இத்தாலியில் 1680இல் பிறந்து, தமிழகம் வந்து, இவ்வூரில் நெடுநாள் பணியாற்றிய வீரமாமுனிவரை நினைவுகூர்ந்தோம். அவர் 3,615 பாடல்களில் பாடிய 'தேம்பாவணி'யில் யூதேயா நாட்டை வருணிக்கையில், மழையும் ஆறும் நெல் விளையும் வயலுமாகத் தமிழ்நாட்டையே பாடி வைத்தார். திருக்குடும்பம் வாழ்ந்த நாட்டுக்கு அவர் கண்ட உவமை, கண்முன் ஓடிய இந்த நீரும் நிலமுமே. வெளிநாட்டார் ஒருவர் புனிதமென்று கண்டதை, இம்மண்ணில் பிறந்த நாம் வெறும் பள்ளமென்று கண்டோமே என்ற எண்ணம் திருப்பலி முழுவதும் உறுத்திற்று. மாலையில் கல்லணையைக் கண்டோம். கரிகாலன் கட்டியதாக வழங்கும் அவ்வணை, ஆற்று மணலிலே கல்லை அமிழ்த்தி அடித்தளம் கண்ட அருஞ்செயல். பிற்காலத்தில் பொறியாளர் ஆர்தர் காட்டனும் அதனை வியந்து பாடம் கற்றார்.

மூன்றாம் நாள் கொடைக்கானல். அங்குள்ள ஏரி இயற்கையானது என்றே இளைஞர் எண்ணியிருந்தனர். மதுரை ஆட்சியராயிருந்த வியர் லெவிஞ்ச் என்பவர் 1863இல் ஓடைகளை மறித்து உருவாக்கியது அது. படகுச் சவாரியைவிடச் செண்பகனூரில் செலவிட்ட நேரமே பயன் மிகுந்தது. 1895இல் அங்கே நிறுவப்பட்ட இயேசு சபையாரின் திரு இருதயக் கல்லூரியில் குருத்துவ மாணவர் மெய்யியல் பயின்றதோடு, மலையின் செடிகொடிகளையும் ஆராய்ந்தனர். அவ்வழியில் வந்தவரே குரு கே. எம். மாத்யூ (1930–2004). திருச்சியில் 1967இல் ராப்பினாட் தாவர உலர்தொகுப்பகத்தை நிறுவி, தமிழகச் சமவெளியின் தாவரங்களையும் பழனி மலையின் தாவரங்களையும் பெருநூல்களாகத் தொகுத்தார். செடியொன்றை அதன் பெயரறிந்து அழைப்பதும் வழிபாட்டில் ஒரு வகை என்று அவரது வாழ்வு நமக்குக் கற்பிக்கிறது.

மலையின் மடிப்புகளில் சோலைக்காடும், அவற்றைச் சூழ்ந்த மேடுகளில் புல்வெளியுமாய் அமைந்திருப்பதே அம்மலையின் இயல்பு. பெய்யும் மழையைப் பஞ்சுபோல் உறிஞ்சி வைத்து, கோடையிலும் சிறுகச் சிறுக ஓடைக்குக் கொடுப்பவை அவை. வீணாய்க் கிடக்கும் நிலம் என்று கருதிப் புல்வெளிகளில் சீகை மரத்தையும் தைல மரத்தையும் பைன் மரத்தையும் முன்னோர் நட்டனர். இன்று சீகை தானே பரவிப் புல்வெளியை விழுங்குகிறது. வடசரிவின் நீர் அமராவதி வழியாகக் காவிரிக்கும், தென்சரிவின் நீர் வைகைக்கும் செல்வது. ஆகவே மலைமேல் ஒருவன் 'வீண்' என்று சொல்லிய சொல், சமவெளியில் யாரோ ஒருவர் வயலில் போய் விழுகிறது. 'வீண்' என்ற சொல்லைப் பேரவைக் கூட்டத்தில் நாமும் சொல்லியிருந்தோம்.

நான்காம் நாள் நெல்லை மாவட்டத்துக் கூந்தன்குளம். 1994இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டு, 2022இல் ராம்சார் ஈரநிலப் பட்டியலில் சேர்ந்த ஊர். அவ்வோராண்டில் மட்டும் தமிழகத்தின் 13 நீர்நிலைகள் அப்பட்டியலில் இடம்பெற்றன. கூந்தன்குளத்தில் மஞ்சள் மூக்கு நாரையும் கூழைக்கடாவும் குளத்து மரங்களில் மட்டுமன்றி, வீட்டு முற்றத்து மரங்களிலும் கூடு கட்டும். பறவைகள் வெருளும் என்று ஊரார் தீபாவளிக்கும் வெடி வெடிப்பதில்லை. எச்சம் கலந்த குளத்து வண்டலை வயலுக்கு உரமாக்குவர். வேடந்தாங்கல் மக்களும் இவ்வாறே தம் ஏரிப் பறவைகளைக் காக்க வேண்டி, 1798இலேயே ஆங்கிலேய ஆட்சியரிடம் உரிமைச் சாசனம் பெற்றனர். கற்றவர் சொல்லி அவர்கள் காக்கவில்லை. பறவை வந்தால் விளைச்சல் வரும் என்று கண்ணாரக் கண்டு காத்தனர். ஊரின் அறிவை மதியாமல் சிரித்த குருவுக்கு இவ்வூர் மௌனமாய் மறையுரை ஆற்றியது.

அன்றிரவு பக்கத்துப் பங்கொன்றின் பள்ளிக் கூடத்தில் தங்கினோம். இரவு செபம் முடிந்ததும், அந்தப் பெண்ணின் கேள்விக்கு அனைவர் முன்னிலும் விடை கூறினோம். இதழ்களில் 'நாம்' என்று எழுதுவது மரபு. ஆயினும் அந்தத் தாங்கலைப் பொறுத்தவரை அச்சொல்லின் பின்னே ஒளிந்துகொள்ள விரும்பவில்லை. பேரவை தலையசைத்தது உண்மை; எண்ணமும் வற்புறுத்தலும் ஒரே ஆளுடையவை. அதையும் அவர்களிடம் சொன்னோம். அந்த முதியவரின் சொல்லையும் சொன்னோம்.

நெடுநேரம் ஒருவரும் பேசவில்லை. "பரவாயில்லை, ஃபாதர்" என்று எவரும் ஆறுதல் கூறவுமில்லை, கூறாததே நன்று. கடைசியில் அந்தப் பெண்தான் கேட்டாள்: "அப்ப, திரும்பத் தோண்டலாமா, ஃபாதர்?"

குருமடத்தில் நாம் கற்றதும், முப்பதாண்டுகளாய் மறைக்கல்வியில் கற்பித்ததும் ஒன்றுண்டு. மனத்துயரும் பாவ அறிக்கையும் மட்டும் ஒப்புரவை நிறைவாக்குவதில்லை, பரிகாரமும் வேண்டும். சிறு பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்த அப்பாடத்தை ஒரு பிள்ளை நமக்குத் திருப்பிச் சொல்லிற்று.

2023 கோடையில் அவ்வூரின் இப்போதைய பங்குத் தந்தையின் இசைவோடு பேரவையின்முன் நின்றோம். எதிர்ப்பு இல்லாமல் இல்லை. ஒரு பாதியில் கலையரங்க மேடை எழுந்துவிட்டது. அதனை இடிக்க எவரும் உடன்படவில்லை. கேட்கவும் நமக்கு உரிமையில்லை. கட்டடமில்லாத தென்பாதியை மட்டும் தோண்ட முடிவாயிற்று. தூர்ந்துபோன வரத்துக் கால்வாய் எங்கே ஓடியது என்று எவருக்கும் தெரியவில்லை. அந்த முதியவரின் மகன், தந்தை காட்டிய ஒரு பனைமரத்தை அடையாளமாய்க் கொண்டு இடத்தைக் காட்டினார். முதியவர் 2019லேயே இறைவனடி சேர்ந்துவிட்டார். தோண்டி முடித்த மாலையில் கல்லறைத் தோட்டத்துக்குச் சென்று, அவர் கல்லறையருகே நின்று, செய்தியைச் சொல்லி, மன்னிப்பும் கேட்டோம்.

அவ்வாண்டு வடகிழக்குப் பருவமழையில் அந்த அரைத் தாங்கலில் முழங்கால் அளவு நீர் நின்றது. பெரிய சாதனை ஒன்றுமில்லை. மறுபாதி இன்னும் மேடாகவே உள்ளது. பெருமழை வந்தால் தாழ்ந்த தெரு முற்றும் தப்பும் என்று உறுதி சொல்ல இயலாது. எனினும் தூங்கியது விழித்துக்கொண்டது.

அன்பார்ந்த இல்லத்தாரே! உங்கள் ஊரிலும் ஒரு தாங்கலோ ஊருணியோ முள் மண்டிக் கிடக்கலாம். மண்ணைப் பண்படுத்தவும் காக்கவும் மனிதனிடம் இறைவன் ஒப்படைத்தார் என்று தொடக்க நூல் சொல்வது ஏதேன் தோட்டத்தோடு முடிந்துவிடுவதன்று. அடுத்த விடுமுறையில் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு உங்கள் ஊர் ஏரிக்கரையில் ஒருமுறை நடந்து வாருங்கள். நீர் எங்கிருந்து வருகிறது, எங்கே போகிறது என்று வீட்டு முதியவரைக் கேளுங்கள். அவர் சொல்வது கேட்டுச் சிரிக்காதீர்கள். அவ்விதம் நடப்பதும் திருயாத்திரையே என்பதுதான், அன்று புறப்படும்போது பெரியவர்களுக்கு நாம் சொல்லத் தவறிய விடை.