மோட்டார்ச் சைக்கிளின் முதற் சங்கிலி

மலர்க் குழுவினர் என்னிடம் கட்டுரை வேண்டியபோது, சமயம் பற்றியோ இலக்கியம் பற்றியோ எழுதுவேன் என எதிர்பார்த்திருத்தல் கூடும். சப்பிரகமுவ மாகாணத்துத் தேயிலைத் தொழிற்சாலைகளிலே உத்தியோகம் பார்த்து எண்பது வயதைக் கடந்துவிட்ட எனக்கு அவற்றைக் காட்டிலும் நன்கு பழகிய பொருள் இயந்திரங்களின் ஓசையாகும். ஆதலின் ஓர் ஓசையைப் பற்றியே எழுதத் துணிந்தேன். பௌதிகம் பயிலும் இளைய மாணவர்க்கேனும் இது பயன்படலாம்.

பெல்மதுளையிலிருந்து பலாங்கொடைக்குச் செல்லும் பெருவீதியை விட்டு மலைமேல் ஏறும் தோட்டப் பாதைகளை அறிந்தோர்க்கு, அங்கே மோட்டார்ச் சைக்கிள் எத்துணை இன்றியமையாதது என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை. பெரிய துரைக்குக் கார். சின்னத்துரைக்கு மோட்டார்ச் சைக்கிள். இரத்தினபுரியில் ஆண்டுதோறும் 3,500 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெய்கிறது. அம்மழையில் இவ்வண்டிகள் ஓடித் தேய்ந்த கதை தனிக்கதை.

1964ஆம் ஆண்டில் யான் வேலை பார்த்த தோட்டத்து டிஸ்பென்சர் ஒரு பி.எஸ்.ஏ. எம் 20 வைத்திருந்தார். இரண்டாம் உலகப் போரின்போது பிரித்தானியப் படைக்காக ஏறத்தாழ 126,000 வரை செய்யப்பட்ட வகை அது, 500 சி.சி. ஒற்றைச் சிலிண்டர் எஞ்சின் உடையது. தோட்டத்தின் கடைசிப் பிரிவு நான்கு மைலுக்கு அப்பால் இருந்தது. இரவில் அங்குள்ள லயங்களிலே பிரசவ வேதனை என்று ஆள் வந்தால், அவ்வண்டியே கதி.

அவ்வாண்டு மழைக்காலத்தில் அதிலிருந்து 'டக், டக்' என்று ஓர் ஓசை எழலாயிற்று. நகரத்துக் கராச்சு ஒன்றில் காட்டியபோது, கொனெக்டிங் றொட்டின் அடிப்பெயரிங் போய்விட்டது, எஞ்சினைப் பிளக்க வேண்டும் என்றார்கள். செலவு அவருடைய இரண்டு மாதச் சம்பளம். அதற்கு வழியில்லாமல், வண்டியை விற்றுவிட்டு நடப்பதென்று அவர் தீர்மானித்தார். நான்கு மைல் மலைப்பாதையை இருளில் நடந்து முடிப்பதற்குள் ஒரு தாய்க்கும் சேய்க்கும் என்ன நேரக்கூடும் என்பதை எம்மைவிட அவரே நன்கறிவார்.

எமது தொழிற்சாலையின் பிட்டர் ஒரு முதியவர். பள்ளிக்கூடத்தை அதிகம் கண்டவரல்லர். விற்குமுன் ஒருமுறை கேட்டுப் பாரும் என்று யான் அவரை அழைத்தேன். அவர் வண்டியை ஓடவிட்டு, கிளச்சுப் பிடியை அழுத்தினார். ஓசை மாறவில்லை. பிடியை அழுத்தும்போது கிளச்சின் நடுப்பாகமும் கியர்ப்பெட்டியின் தண்டும் நின்றுவிடும். எஞ்சினும், அதிலிருந்து கிளச்சுக்குச் செல்லும் முதற் சங்கிலியும், கிளச்சின் வெளிக்கூடும் சுழன்றுகொண்டேயிருக்கும். எனவே கியர்ப்பெட்டியின்மேற் பழியில்லை என்பது தெளிவாயிற்று. பின்னர் நீண்ட திருப்புளியொன்றின் பிடியைக் காதில் வைத்து, அதன் நுனியை எஞ்சின் உடலில் ஊன்றினார். அங்கே ஓசை மெலிந்திருந்தது. இடப்பக்கத்துச் சங்கிலித் தகரத்தில் ஊன்றியதும் முகம் மலர்ந்தது.

"ஐயா, இது எஞ்சின் இல்லீங்க. ஸ்டோர்ல பெல்ட்டு தொளதொளன்னு இருந்தா எப்படி அடிக்கும்? அதே சத்தந்தான்" என்றார்.

டிஸ்பென்சரை விசாரித்தோம். ஏற்றத்தில் ஓசை குறைகிறது. இறக்கத்தில் துறொட்டிலை மூடியவுடன் பெருகுகிறது என்றார். கராச்சுக்காரர் இதை ஏன் வினவவில்லையோ, யான் அறியேன். பெயரிங் தேய்ந்த எஞ்சின் பாரம் ஏறும்போதுதான் மிகுதியாக இடிக்கும். சங்கிலியோ வேறுவிதம். எஞ்சின் இழுக்கும்போது சங்கிலியின் மேற்பாதி விறைத்து நிற்கும். இறக்கத்தில் சில்லு எஞ்சினைத் தள்ளும்போது மேற்பாதி தளர்ந்து கீழ்ப்பாதி விறைக்கும். அந்த மாற்றத்தின் கணத்திலே தளர்ந்த சங்கிலி தகரத்தில் அறையும். அன்றியும், நான்கடிப்பு எஞ்சின் நிமிடத்துக்கு 1,000 முறை சுழன்றால் 500 முறைதான் வெடிக்கும். ஒற்றைச் சிலிண்டராதலின் அவ்வொவ்வொரு வெடிப்பும் சங்கிலியை வெட்டியிழுக்கும். இவ்வதிர்ச்சியைத் தாங்கவே எஞ்சின் தண்டில் ஒரு சுருள்வில் அமைப்பு உண்டு.

தகரத்தைக் கழற்றினோம். உட்புறத்தில் சங்கிலி உராய்ந்த தடம் வெள்ளிபோல் மின்னியது. எண்ணெய் பெரும்பாலும் ஒழுகிப்போய், மழைநீர் கலந்த பழுப்புக் குழம்பே எஞ்சியிருந்தது. சுருள்வில்லைப் பிடிக்கும் நட்டும் தளர்ந்திருந்தது. அதன் பூட்டுக்கம்பி ஒடிந்து போயிருந்தது. சங்கிலியைச் சிறிது சிறிதாகச் சுழற்றி அளந்தபோது, மிக இறுகிய இடத்தில் ஆட்டம் அரை அங்குலம். ஏனைய இடங்களில் ஓர் அங்குலத்துக்கு மேல். இவ்வாறு சமமின்றித் தேய்ந்த சங்கிலியை இறுக்கிப் பயனில்லை. தேயிலைப் பெட்டிகளுடன் கொழும்புக்குப் போன லொறி திரும்பும்போது புதுச் சங்கிலியைக் கொணர்ந்தது. அதைப் பூட்டி, நட்டை இறுக்கிப் புதிய பூட்டுக்கம்பி செருகி, தகர விளிம்பை எண்ணெய் ஒழுகாதபடி அடைத்து, புது எண்ணெய் வார்க்க ஒரு பிற்பகல் போதுமாயிருந்தது. செலவு சங்கிலியின் விலையே. மறுவாரமே கடைசிப் பிரிவிலிருந்து இரவில் ஆள் வந்தான். டிஸ்பென்சர் வண்டியிலேயே போனார்.

இத்தகைய பழைய வண்டிகளில் முதற் சங்கிலியை இறுக்குவதற்குக் கியர்ப்பெட்டியையே பின்னே நகர்த்த வேண்டும். நகர்த்தினால் பின்சில்லுச் சங்கிலி தளர்ந்துவிடும். ஆகவே முதற் சங்கிலியை முதலிலும் மற்றதைப் பிறகும் சரிசெய்தல் வேண்டும். ஓசைக்கு அஞ்சி வீணைத் தந்திபோல் முறுக்குவோரும் உளர். அது இன்னும் கேடு. கியர்ப்பெட்டியின் பெயரிங் உறுமத் தொடங்கிவிடும். மிக இறுகிய இடத்திலும் அரை அங்குல ஆட்டம் இருக்கட்டும். சென்னை திருவொற்றியூரில் 1956இலிருந்து செய்யப்பட்ட பழைய புல்லட்டில் கியர்ப்பெட்டி நகராது. சங்கிலியின் அடியில் உள்ள தாங்கியைத் திருகி உயர்த்துவர்.

தோட்டங்கள் 1975இல் அரசுடைமையாயின. 1992இல் அவற்றின் நிருவாகம் மீண்டும் கம்பனிகளிடம் சென்றது. சின்னத்துரைமாரும் வெளிக்கள உத்தியோகத்தரும் இன்றும் மோட்டார்ச் சைக்கிளிலேதான் மலையேறுகின்றனர். ஆனால் இக்கால யப்பானிய, இந்திய வண்டிகள் பெரும்பாலானவற்றில் முதற் சங்கிலியே இல்லை. பற்சில்லுகள் நேராகக் கிளச்சுக் கூட்டைச் சுழற்றுகின்றன. இறுக்குவதற்கு ஒன்றுமில்லை. கூட்டிலுள்ள சிறு சுருள்விற்கள் தளர்ந்தால் மெல்லிய கலகலப்புக் கேட்கும். அண்மையில் உறவுமுறைப் பையன் ஒருவன் அவ்வாறான வண்டியொன்றைக் கொண்டுவந்து எஞ்சின் போய்விட்டதாம் என்று கலங்கி நின்றான். அவனையும் முதலில் கிளச்சுப் பிடியை அழுத்தச் சொல்லிவிட்டு, யான் திருப்புளியைத் தேடிப் போனேன்.